புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாகிவிட்டால், ஆடுமாடு அதிகம் மேய்ந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எண்ணிக்கையும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நிலம் தாங்கக்கூடிய அளவு உருப்படிகளையே விட்டிருந்தாலும், அவை ஆண்டு முழுக்க ஒரே காட்டில் கிடந்தால் அங்கே நல்ல புல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, மாடு வாய் வைக்காத செடிகள் பெருகும். அதே உருப்படிகளை அதே நிலத்தின் ஒரு மூலையில் நான்கு நாள் அடைத்து மேயவிட்டு, பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவிடாமல் வைத்தால், மழைக்காலத்தில் புல் பழையபடி தழைத்துவிடும். மாடும் ஒன்றுதான், நிலமும் ஒன்றுதான். ஒருமுறை கடிபட்ட புல் மறுமுறை கடிபடுவதற்குள் அதற்குக் கிடைக்கும் நாட்கள் மட்டுமே வேறு. மேய்ச்சல் நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஆடுமாடுகளை ஒவ்வொன்றாக மாற்றி மேய்ப்பதைச் சுழற்சி மேய்ச்சல் என்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேலியையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் இந்த முறையின் உயிர் ஓய்வில் இருக்கிறது. வேலியும் துண்டும் அந்த ஓய்வைக் கொடுப்பதற்கான கருவிகள். இதை மனதில் வாங்கிக்கொண்டால் சிறு விவசாயிக்கு இது கைக்கெட்டும் முறை. வாங்கிக்கொள்ளாமல் காலண்டரைப் பார்த்து மாட்டை ஓட்டினால் அலைச்சல்தான் மிச்சம்.

கடிபட்ட பிறகு புல் என்ன செய்கிறது?

பூத்தண்டு கிளம்பும்வரை புல்லின் வளரும் முனை தரையை ஒட்டியே இருக்கும். அதனால்தான் மேலே இலையைக் கடித்த பிறகும் அடியிலிருந்து புது இலை வருகிறது. ஆனால் அந்த இலை சும்மா வருவதில்லை. தூரில் எஞ்சியிருக்கும் பச்சை, வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்கும். அது போதாவிட்டால், தண்டின் அடியிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தை எடுத்துத்தான் முதல் இரண்டு மூன்று இலைகளை விடும். அவை நன்றாக விரிந்து உழைக்கத் தொடங்கிய பிறகே கையிருப்பு மறுபடி நிரம்பும். மாட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதற்குத் துளிர்தான் பிடிக்கும். காடு முழுக்கத் திறந்து கிடந்தால், முற்றிய புல்லைத் தாண்டிப் போய், நான்கைந்து நாளுக்கு முன் கடித்த இடத்தில் வந்திருக்கும் துளிரையே மறுபடி கடிக்கும். கையிருப்பைச் செலவழித்து விட்ட இலை, ஒரு நாள்கூடச் சம்பாதித்துக் கொடுக்காமல் போய்விடுகிறது. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் தூர் மெலிந்து சாகும். ஒரு சாண் தள்ளி, கடிபடாத தூர் முற்றி விறைத்து, யாருக்கும் உதவாமல் நிற்கும். அளவுக்கு மீறி மேய்ந்த புல்லும் மேயவே மேயாத புல்லும் ஒரே காட்டில் அடுத்தடுத்து நிற்பதன் காரணம் இதுதான்.

மண்ணுக்கு அடியில் நடப்பது இன்னும் முக்கியம். அமெரிக்க வேளாண் துறைக்காக ஃபிராங்க்ளின் கிரைடர் நடத்திய ஆய்வு 1955இல் வெளியானது. பல வகைப் புற்களின் இலையை வெவ்வேறு அளவில் வெட்டிவிட்டு, வேர் என்ன ஆகிறது என்று அவர் கவனித்தார். 40 சதவீதம் வரை வெட்டியபோது வேர் வளர்வது நிற்கவில்லை. பாதியோ அதற்கு மேலோ வெட்டியபோது பெரும்பாலும் வேர் வளர்ச்சி நின்றுபோனது. இலையில் பெரும்பகுதியை ஒரே தடவையில் வெட்டிய தூர்களில் 6 முதல் 18 நாள் வரை வேர் வளரவே இல்லை. மானாவாரிப் பூமியில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வேர் மேலாகவே நின்றுவிட்ட புல், மழை நின்ற இரண்டாவது வாரமே வாடும். ஆழப் போன புல் அதே ஈரத்தில் மேலும் பல நாள் பச்சையாக நிற்கும். ஆக, பாதியை மேயவிட்டுப் பாதியை விட்டுவைப்பது மண்ணில் ஈரத்தைத் தேடிப் போகும் வேரைக் காப்பாற்றுவதாகும். விட்டுவைத்த பாதி வீணாகவும் போவதில்லை. அது தரைக்கு நிழல் தந்து, மழைத்துளி மண்ணை அறைவதைத் தடுத்து, ஓடும் தண்ணீரை நிறுத்தி இறங்கச் செய்கிறது.

இந்த உண்மைகளை விவசாயிக்குப் பயன்படும் விதியாக மாற்றியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் ஆந்த்ரே வுவாசன். வேதியியல் படித்தவர், நார்மண்டியில் சொந்தப் பண்ணையில் பசுக்கள் மேய்வதை நெடுங்காலம் கவனித்து, புல்லின் விளைச்சலைப் பற்றி 1957இல் ஒரு நூல் வெளியிட்டார். கடிபட்ட புல் முதல் சில நாள் மெதுவாகவும், பிறகு விறுவிறுவென்றும், முற்றத் தொடங்கியதும் மறுபடி மெதுவாகவும் வளர்கிறது என்பது அவருடைய அடிப்படை. விறுவிறுப்பான கட்டம் முடியுமுன்பே மாட்டை விட்டால் அந்த ஆண்டின் விளைச்சலையே இழக்கிறோம். மிகவும் காலம் கடத்தினால் புல் பூத்து, தண்டு முற்றி, சத்து குறைந்த நாராகிறது. இதிலிருந்து அவர் இரண்டு விதிகளை முன்வைத்தார். இரண்டு மேய்ச்சலுக்கு இடையே போதிய ஓய்வு வேண்டும். ஒரு மேய்ச்சல், கடித்த புல் அதே தடவையிலேயே மறுபடி கடிபடாத அளவுக்குக் குறுகியதாக இருக்க வேண்டும். இரண்டாவது விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டே துண்டாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் பார்ப்பதற்குச் சுழற்சிபோலத் தெரியும். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் துளிர் இரண்டு முறை கடிபட்டுவிடுகிறது.

கொரங்காடு கற்றுத்தருவது

இந்த அறிவுக்கு நார்மண்டிவரை போகவேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்து விவசாயிகளிடம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி அது. ஆண்டு மழை ஏறக்குறைய 600 மி.மீ.தான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். சரளை கலந்த, ஆழமில்லாத மண்ணில் பயிரை நம்பினால் பல ஆண்டுகள் விதைகூடத் தேறாது. அந்த மண்ணில்தான் சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகள், ஆங்காங்கே வெள்வேல மரம் என்று ஓர் அமைப்பை உருவாக்கியிருக்கிறார்கள். கொழுக்கட்டைப் புல் வறட்சியில் மேலே காய்ந்தாலும் தூர் உயிரோடிருந்து, ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். பயறுவகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். வெள்வேல மரத்தின் காய், புல் இல்லாத வறண்ட மாதங்களில் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகும்.

இதில் நம் கவனத்துக்கு உரியது வேலி. கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, மழைக்கு முன் நட்டால் அதுவே வேர்விட்டு முள்வேலியாகிவிடும். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக மாடுகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும். படலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காடு மேயும்போது மற்றது அடைபட்டுக் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல் தளர்ந்த காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. உழவில் இறுகிய மண் இளகி, மண்ணில் கிடக்கும் புல் விதை மறுபடி முளைத்துக் காடு புதுசாகும். காங்கேயம் மாடு என்று உலகம் அறிந்த இனம் உருவானது இத்தகைய காடுகளில்தான். அதைப் பேணிப் பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல மாட்டு இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறவர்கள், அந்த இனத்தை வளர்த்த புல்லையும் அந்தப் புல்லை வளர்த்த ஒழுங்கையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கொரங்காடு பொது நிலம் அல்ல, பட்டா நிலம். உடைமையாளரால் அடைக்கவும் திறக்கவும் முடிந்ததால்தான் அங்கே புல்லுக்கு ஓய்வு கிடைத்தது.

கணக்கு எளிது, பார்வைதான் முக்கியம்

ஒருவரிடம் மூன்றரை ஏக்கர் மானாவாரி மேய்ச்சல் நிலமும், 300 கிலோ எடையுள்ள ஒரு பசுவும், பத்துச் செம்மறியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பசுவுக்கு நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் ஏறத்தாழ 7 கிலோ புல் வேண்டும். பத்து ஆட்டுக்கும் சேர்த்து 8 கிலோ. மொத்தம் 15 கிலோ. நிலத்தை 50 சென்ட் அளவில் ஏழு துண்டாக்கி, ஒரு துண்டில் ஐந்து நாள் மேய்த்தால், மற்ற ஆறு துண்டுகளையும் முடித்துத் திரும்பி வருவதற்குள் முதல் துண்டுக்கு 30 நாள் ஓய்வு கிடைக்கும். ஓய்வு நாட்களை மேய்ச்சல் நாட்களால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை துண்டு வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு துண்டில் ஐந்து நாளுக்குப் புல் இருக்கிறதா என்பதை அறிய ஒரு கதிர் அரிவாளும் ஒரு தராசும் போதும். சராசரியாகப் புல் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் குச்சி நட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து எடை போட வேண்டும். 75 கிராம் இருந்தால், 50 சென்ட் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர் ஆகையால் துண்டில் 150 கிலோ நிற்கிறது. பாதியை விட்டுவைத்தால் 75 கிலோ. நாளுக்கு 15 கிலோ வீதம் சரியாக ஐந்து நாள். இரண்டு மூன்று இடங்களில் இப்படி அறுத்துப் பார்த்துவிட்டால், அடுத்த ஆண்டு கண்ணாலேயே மதிப்பிட வந்துவிடும்.

ஆனால் இந்த 30 நாள் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. அந்தப் புள்ளியில்தான் பல பண்ணைகள் தடுமாறுகின்றன. ஐப்பசி மழையில் 30 நாளில் வரும் புல், தை மாதத்தில் 60 நாளானாலும் வராது. அப்போது இயல்பாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். புல் மெதுவாக வளர்வதால் ஒவ்வொரு துண்டும் மூன்று நாளிலேயே மேய்ந்து தீர்ந்துவிடுகிறது; உடனே அடுத்த துண்டுக்கு ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று 35 நாளிலிருந்து 21 நாளாகச் சுருங்கிவிடும். புல்லுக்கு அதிக ஓய்வு தேவைப்படும் நேரத்தில், இருந்த ஓய்வும் குறைகிறது. அடுத்த சுற்றில் புல் இன்னும் குட்டை, சுற்று இன்னும் வேகம். இரண்டே மாதத்தில் ஏழு துண்டும் ஒரே கட்டாந்தரை. துண்டு போட்டும் பயனில்லை என்று அலுத்துக்கொள்ளும் விவசாயிக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். வளர்ச்சி குறையும்போது சுற்றையும் மெதுவாக்க வேண்டும். அதற்கு இருக்கும் வழிகள் மூன்று: ஆடுகளில் சிலவற்றை முன்கூட்டியே விற்றுவிடலாம், சோளத்தட்டு, கடலைக்கொடி, மரத்தழை என்று கொட்டிலில் தீனி கொடுத்து மேய்ச்சல் நேரத்தைக் குறைக்கலாம், அல்லது ஒரே ஒரு துண்டைத் தியாகம் செய்து, மாடுகளை அங்கேயே நிறுத்தித் தீனி போட்டு, மற்ற ஆறையும் மழை வரும்வரை அடைத்துவைக்கலாம். ஏழையும் இழப்பதைவிட ஒன்றை இழப்பது மேல். மழை பெய்த மறுவாரமே படலைத் திறக்காமல், துளிர் மூன்று நான்கு இலை விடும்வரை காத்திருப்பதும் இதே ஒழுங்கைச் சேர்ந்ததுதான்.

சாணமும் புழுவும்

மாடு மேயும் புல்லில் உள்ள தழைச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் பெரும்பகுதி சாணம், மூத்திரம் வழியாக வெளியே வந்துவிடுகிறது. கேள்வி அது எங்கே விழுகிறது என்பதுதான். பெரிய காட்டில் மாடு மேய்வது ஓரிடம், படுத்து அசைபோடுவது மர நிழலிலும் தொட்டி ஓரத்திலும். ஆண்டுக்கணக்கில் காட்டின் சத்தெல்லாம் அந்த நான்கு மரத்தடிக்கே போய்ச் சேர்கிறது. சிறு துண்டில் அடைத்து மேய்த்தால் சாணம் ஓரளவு பரவலாக விழும். அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டுக்கிடை போடச்சொல்லி, அதற்காக மந்தை மேய்க்கும் கீதாரிகளுக்கு நெல்லோ பணமோ கொடுக்கும் வழக்கத்தின் அடிப்படையும் இதுதான். கிடையை இரவுக்கு இரவு நகர்த்துவது, எரு எங்கே விழ வேண்டும் என்பதை மனிதர் முடிவுசெய்வதற்காக.

ஆடு வளர்ப்போருக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை வயிற்றுப் புழு. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் ஒரு வகைப் புழுதான் வெப்ப நாடுகளில் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பெரிய எமன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்கவேண்டிய உள்தோல் வெளிறிக் கிடக்கும். தாடைக்கு அடியில் நீர்கோத்து வீங்கும். இதன் முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய இளம்புழுவாகி, பனியில் நனைந்த புல்லின்மேல் ஏறி நிற்கிறது. பெரும்பாலான இளம்புழுக்கள் தரையிலிருந்து சில அங்குலத்துக்குள்ளேயே இருக்கும். ஆகவே புல்லை ஒட்ட மேயவிடும் பண்ணையில் ஆடு புழுவையும் சேர்த்தே மேய்கிறது. ஒரு துண்டில் நான்கு நாளுக்கு மேல் ஆட்டை வைக்காவிட்டால், இன்று போட்ட புழுக்கையில் முட்டை பொரித்து முதிருமுன்பே மந்தை நகர்ந்துவிடும். வெப்ப நாட்டில் உணவு கிடைக்காத இளம்புழு சீக்கிரமே தன் சக்தியைச் செலவழித்துச் சாகிறது. பசிபிக் தீவு நாடான டோங்காவில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் வெள்ளாடுகளை மேய்த்தார்கள். ஒரே இடத்தில் கிடந்து மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட்டபோது இவற்றின் சாணத்தில் புழு முட்டை பாதிக்கும் குறைவாக இருந்தது. மருந்து கொடுக்க நேர்ந்ததும் குறைந்தது. புழு நீக்க மருந்துக்குப் புழுக்கள் கட்டுப்படாமல் போவது உலகெங்கும் பெருகிவரும் நேரத்தில் இது சிறிய லாபம் அல்ல. குளிர் நாடுகளில் இளம்புழு பல மாதம் உயிரோடிருப்பதால் அங்கே இதே கணக்கு பலிக்காது. இந்த ஒரு விஷயத்தில் வெயில் நம் பக்கம் நிற்கிறது. மாட்டையும் ஆட்டையும் ஒரே காட்டில் மாற்றி மாற்றி மேய்ப்பதும் உதவும். ஆட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் நிலைப்பதில்லை.

ஆய்வுகள் எதிராகச் சொல்வது என்ன?

இவ்வளவு நன்மை சொல்லிவிட்டு, எதிர்ப்பக்க ஆதாரத்தை மறைப்பது நேர்மையாகாது. 2008இல் அமெரிக்காவின் டேவிட் பிரிஸ்க்கும் அவருடைய சகாக்களும் அதுவரை நடந்த மேய்ச்சல் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புல் விளைச்சலை ஒப்பிட்ட 23 பரிசோதனைகளில் 20இல், சுழற்சி முறை தொடர் மேய்ச்சலைவிட அதிகம் தரவில்லை. அடுத்து, கொலராடோவின் குட்டைப்புல் சமவெளியில், புல்லின் நிலையைப் பார்த்துப் பார்த்து மந்தையை நகர்த்தும் முறையை ஓர் ஆய்வுக் குழு ஆண்டுக்கணக்கில் சோதித்தது. 2020இல் வெளியான முடிவின்படி, அப்படி மேய்த்த காளைக்கன்றுகளின் எடைக்கூடுதல், வழக்கமான முறையில் மேய்ந்தவற்றைவிட 12 முதல் 16 சதவீதம் குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. சிறு இடத்தில் நெருக்கி அடைத்தால் மாட்டால் நல்ல இலையாகத் தேர்ந்து தின்ன முடியாது, கிடைத்ததைத் தின்கிறது. சுழற்சி மேய்ச்சலால் பாலைவனம் பச்சையாகும், உலக வெப்பமே தணியும் என்று மேடைகளில் சொல்லப்படும் பெரிய வாக்குகளுக்கு இந்த ஆதாரங்கள் இடம் கொடுப்பதில்லை. அவற்றை நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம்.

அப்படியானால் வாதம் இங்கேயே முடிந்துவிடுகிறதா? இல்லை. அந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை, நிலத்தின் தாங்குசக்தியைக் கணக்கிட்டு மாடுகளை விட்ட பரந்த இயற்கைப் புல்வெளிகளில் நடந்தவை. நூற்றுக்கணக்கான ஏக்கரில் சில மாடுகள் திரியும் இடத்தில், கடிபட்ட ஒரு தூரை அதே மாடு மறுபடி தேடி வருவதற்கு நாளாகும்; ஓய்வு தானாகவே கிடைத்துவிடுகிறது. தானாகக் கிடைப்பதற்கு வேலி போட்டால் கூடுதலாக என்ன வரும்? நெருக்கடியான நிலத்தின் கதை வேறு. நியூசிலாந்தில் மெக்மீகனும் வால்ஷும் கறவைப் பசுக்களை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 1963இல் வெளியானது. ஏக்கருக்கு எத்தனை மாடு என்பதே எல்லாவற்றையும்விட வலுவான காரணி என்று அவர்கள் கண்டார்கள். கூடவே, மாடுகளின் எண்ணிக்கை ஏற ஏற, சுழற்சி முறையின் மேன்மை துலங்கியது. இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு மறைகிறது. ஓய்வு எங்கே பஞ்சமோ அங்கேதான் ஓய்வைத் திட்டமிடுவது பலன் தரும். நம் ஊரின் சிறு பண்ணைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. எண்ணிக்கையை நிலத்தின் அளவுக்குள் வைப்பது முதல் வேலை, ஓய்வு இரண்டாவது வேலை. முதலாவதைச் செய்யாதவரை இரண்டாவது காப்பாற்றாது. கொலராடோ தரும் பாடத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். துண்டை மொட்டையாக மேய்ந்து முடிக்கும்வரை மாட்டை அடைத்துவைக்கக் கூடாது. பாதி நிற்கும்போதே படலைத் திறந்தால் மாட்டுக்கும் தேர்ந்து தின்ன இடம் இருக்கும், வேருக்கும் நல்லது.

இருப்பதே இரண்டு ஏக்கர் என்பவர்களுக்கு

சிறிய நிலத்தைப் பிரித்தால் மிஞ்சுவது என்ன என்ற தயக்கம் இயல்பானது. வேலிச் செலவும் பயமுறுத்தும். ஆனால் நிலம் சிறிதாக இருப்பதே இந்த முறைக்கு ஒரு வசதி. சுற்றுவேலி நிலையாக இருந்தால் போதும். உள்ளே பிரிப்பது தற்காலிகமாக இருக்கலாம். ஆட்டுக்கிடைக்குப் பயன்படும் நைலான் வலையை நாலாபுறமும் குச்சி நட்டுக் கட்டி, நான்கு நாளுக்கு ஒருமுறை பெயர்த்துக் கட்டுவதற்கு இரண்டு பேரின் சில மணி நேர வேலை போதும். ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர் முளை அடித்துக் கயிற்றில் கட்டி மேய்க்கிறார். அந்த முளையை நாளுக்கு நாள் ஒழுங்கான வரிசையில் நகர்த்தி, மேய்ந்த இடத்துக்குப் புல் வரும்வரை திரும்பாமல் இருந்தால் அதுவே சுழற்சி மேய்ச்சல். சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலியும் கிடைக்கிறது. முதல் நாளே அதில் பணம் போட வேண்டியதில்லை. ஒரு பருவம் வலையோடு பழகி, எங்கே எல்லை வரவேண்டும், தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தால் எல்லாத் துண்டுக்கும் எட்டும் என்பது தெரிந்த பிறகு கிளுவைப் போத்து நடலாம். ஆள்கூலி பற்றிய கவலைக்குக் கொரங்காடு பதில் சொல்லிவிட்டது. அடைத்து மேய்ப்பதில் நாள் முழுக்க மாட்டின் பின்னால் நிற்க ஆள் தேவையில்லை. வீட்டில் மேய்ச்சலுக்குப் போவது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் என்பதால், மிச்சமாகும் நேரம் அவர்களுடையது.

இதற்கெல்லாம் பதிலாகக் கம்பு நேப்பியர் தீவனப்புல்லை வைத்து அறுத்துப் போட்டு, கொட்டிலில் வளர்ப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாசனம் இருப்பவருக்கு அது நல்ல வழியே. ஏக்கருக்குக் கிடைக்கும் தீவன எடையில் மானாவாரிப் புல் அதோடு போட்டியிட முடியாது. ஆனால் கேள்வி எழுவது போர்வெல் வற்றும் ஊர்களில்தான். அங்கே அந்தத் தண்ணீரும், மின்சாரமும், தினசரி அறுத்துச் சுமக்கும் உழைப்பும் யாருடைய கணக்கில் சேர்கின்றன? மேய்ச்சல் நிலத்தில் அறுவடையும், சுமப்பதும், எரு இறைப்பதும் மாட்டின் வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகவே இருக்கலாம். கிணற்றடியில் 20 சென்ட் பசுந்தீவனம் இருந்தால், மானாவாரித் துண்டுகளுக்கு வறட்சியில் ஓய்வு கொடுக்கும் வசதி கிடைக்கும். புல்லே இல்லாத நிலத்தில் தொடங்குகிறவர்கள், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக்கொழுக்கட்டைப் புல்லோடு முயல்மசாலையும் கலந்து விதைக்கலாம். முதல் ஆண்டு விதை கொட்டும்வரை மேய்ச்சலுக்கு விடாமல் இருந்தால் அடுத்த ஆண்டு தரை மூடிவிடும்.

நிலமே இல்லாதவர்களின் ஆடு எங்கே மேயும் என்பது இந்த வாதத்துக்கு முன் நிற்கும் கடினமான கேள்வி. பட்டா நிலத்தை அடைத்துக்கொள்ளலாம். மேய்ச்சல் புறம்போக்கைத் தனியொருவர் அடைக்க முடியாது. இன்று நான் விட்டுவைக்கும் புல்லை நாளை இன்னொருவர் ஆடு மேய்ந்துவிடும் என்றால் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். ஓய்வில்லாத அந்த நிலத்தில் சீமைக்கருவேலம் நுழைந்து, அதன் காயைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை பரவி, எஞ்சிய புல்லும் போய்விடுகிறது. இதற்குத் தீர்வு ஊர் கூடி எடுக்கும் முடிவாகத்தான் இருக்க முடியும். புறம்போக்கை மூன்றாகப் பிரித்து, மழை தொடங்கியதும் ஒரு பாகத்தை மட்டும் ஆறு வாரம் எவரும் விடுவதில்லை என்று கிராமசபையில் தீர்மானித்து, ஆண்டுக்கு ஒரு பாகமாக மாற்றிவரலாம். அந்தத் தீர்மானத்தில் ஆடு வைத்திருக்கும் நிலமற்றவர்களின் குரல் முதலில் கேட்கப்பட வேண்டும். அடைப்பு என்ற பெயரில் அவர்களை வெளியேற்றுவது ஓய்வு ஆகாது, பறிப்பு ஆகும்.

கொரங்காடுகள் மனையாகவும் வேறு பயிராகவும் மாறிவருகின்றன. உயிர்வேலியை அழித்துக் கம்பி போடுவது எளிதாகிவிட்டது. மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதும் பார்வை இருக்கும்வரை இது நிற்காது. அடைபட்டு ஓய்வில் இருக்கும் காடு சும்மா கிடக்கும் நிலம் அல்ல. அது அடுத்த மாதத் தீவனத்தை விளைவித்துக்கொண்டிருக்கும் வயல். கால்நடை வளர்ப்புக்கான உதவித் திட்டங்கள் ஆட்டுக்குட்டியும் கறவைப் பசுவும் வாங்கித் தருவதோடு நிற்காமல், கிளுவைப் போத்துக்கும், புல் விதைக்கும், வலைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் நீளவேண்டும். விவசாயி எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. வரும் பருவத்தின் முதல் மழைக்குப் பிறகு, நிலத்தில் நாலில் ஒரு பங்கை மட்டும் வலை கட்டி நாற்பது நாள் அடைத்துவிட்டு, வேலியின் இருபுறமும் ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து எடை போட்டுப் பார்க்கட்டும். அந்த இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மண்ணில் ஓய்வின் விலை எவ்வளவு என்று சொல்லிவிடும். எத்தனை துண்டு போடுவது, எவ்வளவு செலவழிப்பது என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் போதும்.